தனிக்கூண்டுக் கோழி

“போன வாரம் பரிசோதனைக்கு எந்தக் கோழியைக் குடுத்தே?” கோழி வெட்டும் ஆலையின் மேலாளர் எரிந்து விழுந்தார்.

“நீங்க சொன்ன தனிக்கூண்டுக் கோழிதான் சார்,” என்றாள் வெட்டுக்கார அக்கா. மருந்து போடாமல் வளர்த்த கோழிகள் அந்தக் கூண்டில் மட்டும்தான் இருந்தன.

“அப்புறம் எப்படி அதுல எந்த மருந்துக்கும் சாகாத கிருமி வந்துச்சு?”

“கூண்டுதான் சார் தனி. வெட்டினதும் எல்லாத்தையும் ஒரே தொட்டியிலதானே முக்குறோம்? தண்ணி மாத்தினா வேலை கெடும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சரி, வெளிய மூச்சு விடாதே. கறி ஏத்தின லாரி கிளம்பட்டும். யாரு கண்டுபிடிக்கப் போறா?”

“அப்ப காலையில தனிக்கூண்டுலேர்ந்து பிடிச்சு வெட்டி உங்க வீட்டுக்கு அனுப்பின கோழி?”

மேலாளர் அவசரமாக வீட்டுக்குப் பேசச் செல்போனை எடுத்தார்.

“அந்தக் கோழியைத் தூக்கிக் குப்பையில போடு... என்னது, அதே பலகையில வெள்ளரிக்காய் நறுக்கினியா? பாப்பா தின்னுட்டாளா?”

வெளியே லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். காதில் போனை வைத்தபடியே, போகலாம் என்று மேலாளர் கையசைத்தார்.

அக்கா ஓடிப்போய் வாயிற்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஊர்லயும் வெள்ளரிக்காய் நறுக்குவாங்க சார்.”