சனிக்கிழமைக் கை

விவாகரத்துத் தீர்ப்பில் லியோனுக்குக் கிடைத்தது சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரமும் ஒரு ரோபோவின் கையும்தான். முகம் காட்டக் கூடாது, குரல் கேட்கக் கூடாது. மகள் மெர்லினோடு சேர்ந்து அவன் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டிய பொம்மை அது. ரிமோட் மட்டும் எங்கோ அவனுடைய வாடகை அறையில் இருந்தது. இங்கே மெர்லின் ரோபோவின் கையைப் பிடித்தால், அந்த அழுத்தம் அங்கே அவன் விரல்களில் தெரியும்.

இந்தச் சனிக்கிழமை அம்மா ஜெசிந்தா கூடத்துக்கு வந்தபோது ரோபோ இல்லை. மெர்லின் தரையில் உட்கார்ந்து பாலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்பா வர்ற நேரத்துல அதை ஏன்டி பிரிச்ச?”

“கட்டை பத்தலம்மா. அப்பா என்ன, பேசவா போறாங்க? கையத்தான ஆட்டுவாங்க.”

மேசையில் பேட்டரியும், ரோபோவின் கையை அசைக்கும் சின்ன சர்வோ மோட்டாரும் வயரோடு கிடந்தன. நேரமானதும் மோட்டார் முனகியது. அதன் நுனியிலிருந்த சின்ன வெள்ளைத் தண்டு இப்படியும் அப்படியும் அசைந்து கையாட்டியது. பிறகு நீட்டியபடி நின்று காத்திருந்தது.

“மெர்லின், வந்து பிடிடி.”

“இரும்மா, பாலம் விழுந்துரும்.”

தண்டு மறுபடி ஆடியது, மறுபடி நின்றது.

கோர்ட்டில் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தவள் ஜெசிந்தா. இப்போது தன் விரலைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தாள். மோட்டார் ஒரு கணம் தயங்கியது. அப்புறம் மிக மெதுவாக, குழந்தையின் கையைக் குலுக்குவதுபோல் குலுக்கியது.

விரல் கொஞ்சம் கனமாகத் தெரிந்திருக்கும். மகள் வளர்ந்துவிட்டாள் என்று அங்கே அவன் நினைத்திருப்பான்.