முன்மொழிய ஒருவர்

உலகப் புவியியலாளர் சங்கத்தில் சேர வேண்டுமென்றால், உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும். அதனால், வீட்டுக்கு வந்த பேராசிரியரைக் கணவர் விழுந்து விழுந்து உபசரித்தார். மனைவி மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

கணவர் போட்ட காபியை வந்தவர் வானளாவப் புகழ்ந்தார்.

கணவர் மெல்ல ஆரம்பித்தார். “சார், சங்கத்துல நீங்கதான் என்னை முன்மொழியணும்.”

“நானா? நானே இன்னும் உறுப்பினர் இல்லையே! மேடம்தானே உறுப்பினர்? அவங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன். இல்லேன்னா உங்க காபியை இவ்வளவு புகழ்வேனா?”

மனைவி சிரித்தாள். “சொந்தக்காரங்களை முன்மொழியக் கூடாதுன்னு விதி. அதான் இவர் வெளியாளைத் தேடறார். முதல்ல உங்களை நான் சேத்துவிடறேன். அப்புறம் நீங்க இவரைச் சேத்துவிடுங்க.”

கணவர் துள்ளி எழுந்தார். “சார், இன்னொரு காபி?”

தன்னை முன்மொழிந்து கையெழுத்துப் போடப்போகும் மனைவியின் பேனாவை வந்தவர் பார்த்தார்.

“தாராளமா!”