தொட்டியில் போதகர்

"ஞானஸ்நானத் தொட்டியில குளிக்கிறாரு நம்ம பாஸ்டர்! இதுக்கு என்ன சொல்ற?"

தையல்காரர் கத்தரிக்கோலை மேஜைமேல் டொக்கென்று வைத்தார். பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? நானே பார்த்தேன். கடை ஷட்டரைத் தூக்கும்போது எதிர்ல சபைப் பின்கதவு திறக்குது. தோள்ல துண்டு, காலெல்லாம் சொட்டச் சொட்ட வெளியே வர்றாரு. பின்னாடியே பாஸ்டரம்மா. நேத்தும் அதே கதை, இன்னிக்கும் அதே கதை."

"சரி, அதுக்கு?"

"அதுக்கா? தெருவே ஒரு வாளித் தண்ணிக்கு அல்லாடுது. இவருக்கு மட்டும் தொட்டி நிறைய ராஜ குளியல். அந்த அழுக்குத் தண்ணியில நாளைக்கு நான் முங்கணுமா? முடியாது. வேற பாஸ்டர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

மனைவி இப்போது நிமிர்ந்தாள். "ஏங்க, இது கோபமா? பயமா?"

வந்ததே கோபம் அவருக்கு! உள்ளதைச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

சின்ன வயதில் ஆற்றில் மூழ்கியவர் அவர். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். அன்றிலிருந்து தண்ணீர் என்றாலே குலை நடுங்கும். குளிக்கும்போதுகூட ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தலையில் ஊற்றுவார்.

அந்தச் சபையிலோ ஆளைத் தலையோடு தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுப்பதுதான் ஞானஸ்நானம். எத்தனையோ பேருக்கு வெள்ளை அங்கி தைத்துக் கொடுத்தவர், தன் அங்கியை மட்டும் ஒரு பக்கத் தையல் பாக்கியோடு வருஷக்கணக்காக மடித்து வைத்திருந்தார். ஆண்டவர்மேல் ஆசை இல்லாமல் இல்லை. தொட்டிதான் குறுக்கே நின்றது.

பழைய போதகர் விரட்டி விரட்டி ஓய்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டார். புதியவர் விரட்டவே இல்லை. "அவசரமில்ல பிரதர், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று இவர் வாயைத் திறக்கும் முன்பே தள்ளிப் போடுவார். தங்கமான மனுஷன் என்று நினைத்திருந்தார் தையல்காரர்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் வினை. ஜெபத்தின் நடுவே மனசு உருகி, எல்லோர் முன்னாலும் எழுந்து, "வர்ற ஞாயிறு எனக்கு ஞானஸ்நானம் குடுத்துடுங்க பாஸ்டர்" என்று சொல்லிவிட்டார். போதகர் பிரசங்க மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் "அல்லேலூயா" வந்தது.

அன்றிலிருந்து தையல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஊசி ஊசியாக உடைத்தார். ஒரு வாடிக்கையாளர் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டார். இந்த நேரம் பார்த்துத்தான் போதகர் துண்டும் தோளுமாகக் கண்ணில் பட்டார். விடுவாரா?

"என் பேச்சை நம்பலேன்னா விடிஞ்சதும் என்கூட வா. கையும் களவுமா பிடிச்சுக் காட்டறேன்."

"வர்றேன்" என்றாள் மனைவி. எதற்கும் இருக்கட்டும் என்று அங்கியைத் தேடி எடுத்து, பாக்கியிருந்த தையலை அவளே போட்டு முடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிறு விடிந்தது. சபைப் பின்கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் சலசலத்தது.

"கேட்டுக்க" என்று மனைவியிடம் கிசுகிசுத்துவிட்டு, தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

போதகர் தொட்டிக்குள்தான் இருந்தார். சோப்பு இல்லை, சொம்பு இல்லை. முழு வெள்ளை அங்கியோடு, இடுப்பளவுத் தண்ணீரில், பக்கக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. மேல்படியில் பாஸ்டரம்மா, மடியில் மாற்றுத் துணி.

"கம்பியை விடுங்க" என்றாள் அவள்.

"விட்டா கால் வழுக்குதும்மா."

"வழுக்கலைங்க, நடுங்குது. மெதுவா விடுங்க."

"ஆண்டவரே... ஆண்டவரே..." ஒவ்வொரு விரலாகக் கம்பியை விட்டார் போதகர். பல் தந்தியடித்தது.

பாஸ்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எதுக்குங்க இந்தப் பாடு? கிணத்துல விழுந்து பொழைச்ச ஆளு நீங்க. திங்கட்கிழமை முதல் படியைத் தாண்டவே பாதிப் பொழுது ஆச்சு. பக்கத்து சபை பாஸ்டரைக் கூப்பிட்டா வந்து குடுத்துட்டுப் போறாரு. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"வேணாம்மா. இத்தனை நாள் நானும் பயந்துதான் அவரைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். பாவம், அவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு அவரே எழுந்து கேட்டுட்டாரு. என்னை நம்பி இறங்கப் போறவரு. அவரைத் தாங்கற கை நடுங்கக் கூடாது. இரு, இன்னொரு தரம் முங்கிப் பார்க்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனார். மறுகணமே இருமிக்கொண்டு எழுந்து கம்பியைக் கட்டிக்கொண்டார்.

கதவருகே தையல்காரர் தலை குனிந்து நின்றார். மனைவி கையிலிருந்த பையை வாங்கி, சட்டைக்கு மேலேயே அங்கியை மாட்டிக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனார்.

"பிரதர்! நீங்க எப்ப வந்தீங்க?" போதகர் பதறிப் போனார். "ஆராதனைக்கு இன்னும் நேரம் இருக்கே!"

தையல்காரர் முதல் படியில் கால் வைத்தார். தண்ணீர் சில்லென்று ஏறியது. ஆனாலும் கையை நீட்டினார்.

"அதனாலதான் வந்தேன் பாஸ்டர். கம்பியை விட்டுட்டு என்னைப் பிடிச்சுக்கங்க. ரெண்டு பேருமா பழகிக்கலாம்."