வாசலில் சொன்ன காரணம்

ஒரு வீட்டு மேசைக்கடியில் இருந்த சர்வர், மின்னஞ்சல்களைத் தானே அனுப்பும். அடுத்தவர் தயவு தேவையில்லை என்று அதற்கு ஏகப்பட்ட மிதப்பு. அன்று அந்த வீட்டு வானதியின் வேலை விண்ணப்பத்தைச் சுமந்துகொண்டு ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. மாலையோடு கெடு முடிகிறது.

கம்பெனியின் சர்வர் அதை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டது.

“அவர் என்ன சொன்னார்னா...” என்று மின்னஞ்சல் ஆரம்பித்தது.

“அவன் என்ன சொல்றது? உன் கையெழுத்து சரியில்லை,” என்று வீட்டு சர்வர் வேறு கையெழுத்துப் போட்டு விரட்டியது. மின்னஞ்சல் மறுபடியும் திரும்பி வந்தது. அது வாயைத் திறப்பதற்குள் சர்வர் ஒருமுறை அணைந்து மறுபடி உயிர்பெற்று, “இப்போ போ” என்றது.

அடுத்த முறை திரும்பியதும் மின்னஞ்சல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. “கேட்டாத்தான் நகருவேன். நம்ம இணைய முகவரியில ‘இது யார் வீடு’ன்னு விசாரிச்சாராம். வாசல் பலகையில இன்னும் பழைய குடித்தனக்காரர் பேர்தான் இருக்காம். பேர் ஒத்துப்போகாம உள்ளே விடமாட்டாராம். முதல் தடவையே சொல்லிட்டார்.”

வீட்டு சர்வர் இணைய இணைப்பு கொடுத்தவர்களிடம் சொல்லிப் பலகையை மாற்றியது.

இந்த முறை கம்பெனி சர்வர் பலகையைப் பார்த்துவிட்டு, “வாங்க” என்று கதவை அகலத் திறந்தது. மின்னஞ்சல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவாசல் வழியாகவே நடந்து போனது. பொழுது சாய்வதற்குள் வானதியை நேர்காணலுக்கு அழைத்துப் பதில் வந்துவிட்டது.

மறுநாள் வேறொரு மின்னஞ்சல் வேறெங்கிருந்தோ துவண்டு திரும்பியது. சர்வர் வாயைத் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது.

“உட்காரு,” என்றது. “அவர் என்ன சொன்னார்?”