ஓர் இடது கை

என் வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடியவன் கையுறை போட்டிருந்தான். எங்கும் அவன் ரேகை இல்லை. காவல்துறை ரேகை ஆய்வகத்தில் எனக்குக் கீழே வேலை செய்யும் ஜெரால்டு பொடி தூவியபோது, பீரோ கண்ணாடியில் ஓர் இடது கை மட்டும் தெளிவாக எழுந்து வந்தது. என் மனைவி தாட்சாயணி பொட்டு வைக்கும்போது ஊன்றிக்கொள்ளும் இடம் அது. அவள் இறந்த பிறகு அந்தக் கண்ணாடியை நான் துடைக்கவில்லை.

வீட்டு ஆட்களின் ரேகைகளை முதலில் ஒப்பிட்டுக் கழித்துவிட வேண்டும். என்னுடையதையும் சமையல்கார அம்மாவுடையதையும் கழித்தாயிற்று.

“இது மேடத்தோடதுதான் சார். கழிச்சுடலாம்.”

“எதோட ஒப்பிட்டுப் பார்த்தே?”

ஒப்பிட அவள் விரல்கள் இல்லை. அவன் தலையைச் சொறிந்தான்.

“ஆதார்ல இருக்கும், நமக்குத் தர மாட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்.”

“வாய்வார்த்தைய வச்சு ரிப்போர்ட் எழுதுனா நான் கையெழுத்துப் போட்டிருக்கேனா ஜெரால்டு?”

“அப்ப மேடத்தையும் திருடன் மாதிரி தேடணும் சார்” என்று சிரிக்கப் பார்த்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“தேடட்டும்.”

‘அடையாளம் தெரியாதவர்’ என்று எழுதிக்கொண்டுவந்தான். கையெழுத்திட்டேன். அந்தக் கை கணினியில் ஏறியது. வழக்கு முடியும்வரை, எந்த ஊர்க் காவல் நிலையத்தில் யாரைப் பிடித்துவந்து ரேகை எடுத்தாலும், அது அவளா என்று இயந்திரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளும்.