அலுமாரிக்கு அடியால் போன றெயில்

மூக்கனுக்கு மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பொம்மை றெயில் எஞ்சின் ஒரு முழ நீளம். வவுனியாவில் றேடியோ திருத்துகிற அற்புதம் அதன் வயிற்றுக்குள் றிமோட் றிசீவரைப் பொருத்தி, கடைக்குள்ளேயே அலுமாரிக்கு அடியாலும் போகிற மாதிரி வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓடவிட்டாள். றிமோட்டை அமத்தியபடி இருந்தும், ஒவ்வொரு முறையும் அது அலுமாரிக்கு முன்னால் நின்றது. ஈயப்பற்றைத் திரும்ப வைத்தாள். றிசீவரையே மாற்றினாள். அங்கேதான் நின்றது. திருத்தாமல் எதையும் அவள் திருப்பிக் கொடுத்ததில்லை.

பார்த்துக்கொண்டு நின்ற மூக்கன் முந்தி மாங்குளம் ஸ்டேசனில் வேலை செய்தவர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு அந்தப் பக்கம் றெயில் இல்லை.

“பாதை சரியெண்டு ஸ்டேசன் மாஸ்டர் வளையம் குடுக்காமல் எந்த றைவர் போவான், பிள்ளை?” என்றார். “அதை அடுத்த ஸ்டேசனில குடுத்திட்டு வேறை வாங்கோணும்.”

“இது பொம்மை, ஐயா.”

“ஓம். குடுத்துத்தான் பாருமன்.”

அற்புதம் சிரித்தபடி செப்புக்கம்பியை வளைத்து எஞ்சின் கதவில் கொழுவினாள். எஞ்சின் நிற்காமல் அலுமாரிக்கு அடியால் புகுந்து மற்றப் பக்கம் வந்தது.

தூக்கிப் பார்த்தாள். செப்புக்கம்பி இல்லை. அதேயளவில் இரும்பு வளையம் ஒன்று தொங்கியது.

இருவருமாக அலுமாரியை நகர்த்தினார்கள். தண்டவாளத்துக்குக் கீழே வெறும் சீமெந்துத் தரை.

வளையத்தில் ஒட்டியிருந்த செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது.