அப்பா தொட்ட கட்டம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, என் கண்ணுங்களா. உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன். ஆனால் முழுசாகச் சொல்லிவிடுவேன்.

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊரில், ஒரு மத்தியான வேளையில், ஹரிணி களி உருட்டிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் அவளுக்கு அன்று விடுப்பு. அம்மா ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் அவளும் அப்பா கோவிந்தப்பனும் மட்டும். அவர் சுவரில் சாய்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்.

இந்த வேளைக்காகத்தான் அவள் பல நாளாகக் காத்திருந்தாள்.

"அப்பா, கையெல்லாம் களி. போன்ல ஒரு கேம் நிக்குது பாரு. அந்தப் பொண்ணு என்னா செய்யணும்னு கேக்கும். நீயே ஒண்ண அமுக்கு."

"எனக்கெதுக்குடி பொம்ம வெளயாட்டு? களி வெந்துதா, இல்ல அதுவும் கேம்தானா?"

ஆனாலும் போனை எடுத்தார். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

ஒரு பெண்ணின் காதல் கதை அது. விளையாடுகிறவர்தான் அந்தப் பெண். படம் வரும், அடியில் எழுத்து ஓடும், பிறகு சட்டென்று நின்று, 'இப்போது என்ன செய்வாய்?' என்று கேட்கும். நாம் எந்தக் கட்டத்தைத் தொடுகிறோமோ, கதை அந்தப் பக்கம் திரும்பும். முடிவும் ஒன்றல்ல, பல.

கம்பெனி பஸ்ஸில் போகவர ஹரிணி எல்லா முடிவையும் பார்த்தவள். யோசித்துத்தான் இந்த இடத்தில் நிறுத்தி அப்பாவிடம் நீட்டியிருந்தாள்.

அவளுக்கும் ஒருவன் இருந்தான், ரத்தினவேல். அவளோடு ஒரே லைனில் வேலை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காலனிப் பையன். ஊர் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

போன வருஷம் டிவியில் ஒரு செய்தி வந்தது. எங்கோ ஓர் ஊரில், காலனிப் பையனைக் கட்டிக்கொண்ட மகளைப் பெற்றவனே வெட்டி முடித்துவிட்டான். அப்பாவின் அண்ணன், பெரியப்பா, தொடையைத் தட்டி, "அவன் ஆம்பள" என்றார்.

அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அந்த ஒரு தலையாட்டலை ஹரிணியால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

அப்பா உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'அப்பாவிடம் சொல்லிவிடு.'

'அவனை மறந்துவிடு.'

'யாரிடமும் சொல்லாமல் கிளம்பு.'

அப்பா முதலாவதைத் தொட்டால், ஹரிணி இந்தச் சாப்பாட்டு வேளையிலேயே சொல்லிவிடுவாள். இரண்டாவதைத் தொட்டால், வாயைத் திறக்கவே மாட்டாள். மூன்றாவதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. எந்த அப்பா அதைத் தொடுவார்?

அவர் தலைக்கு மேலே சுவரில் கொடுவாள் தொங்கியது. தேங்காய் வெட்டுகிற கொடுவாள், தினமும் பார்க்கிறதுதான். இன்று கண் அதை விட்டு நகர மறுத்தது.

அப்பாவின் கட்டைவிரல் முதல் கட்டத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

உள்ளங்கையில் களி சுட்டது. ஹரிணிக்கு அது உறைக்கவில்லை.

விரல் கீழே இறங்கியது. இரண்டாவதையும் தாண்டியது.

மூன்றாவதைத் தொட்டார்.

திரையில் ஒரு பஸ் வந்து நின்றது. அந்தப் பெண் தனியாக, கையில் ஒரு பையோடு. அடியில், 'நல்ல முடிவு கைநழுவியது' என்று எழுத்து வந்தது.

"தப்பா அமுக்கிட்டப்பா," என்றாள். "பின்னாடி போயி மேல இருக்கறத அமுக்கு. அதுல அவங்கப்பா அழுவாரு. கட்டிப் புடிச்சிக்குவாரு."

"ஒண்டியா இருந்தா அழுவான் பாப்பா. அண்ணன் வந்து வாசல்ல நின்னா என்னா செய்வான்னு அவனுக்கே தெரியாது. அந்தப் புள்ளயச் சொல்ல வேணாம்னு சொல்லு."

கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்க்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்த கை, அதன்மேலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. 

தட்டைத் தொடாமல் எழுந்தார். சட்டையை மாட்டினார்.

"கெலமங்கலத்துல ஒரு மாடு பாக்கப் போறன். ஒங்க பெரியப்பனையும் கூட்டிகினு போறன். நாங்க வர்றதுக்கு இருட்டிடும்."

மாட்டை எங்கே கட்டுவார்? கொட்டகையை இடித்துப் பல காலம் ஆயிற்று. அந்த இடத்தில்தான் ஹரிணியின் ஸ்கூட்டர் நிற்கிறது. அதற்குக் குறுக்கே நின்ற தன் வண்டியை எடுத்துக்கொண்டு அப்பா தெருவில் இறங்கினார்.

அண்ணன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். பெரியப்பா பின்னால் ஏறி, அப்பாவின் தோளில் அழுத்தமாகக் கை வைத்தார். வண்டி முனை திரும்பி மறைந்தது.

இதுவரை அப்பாவை நினைத்துப் பயந்தாள். இப்போது அந்தக் கை அழுத்திய தோளுக்காகப் பயந்தாள்.

உள்ளே வந்து போனை நிமிர்த்தினாள். பஸ் இன்னும் கிளம்பவில்லை. 'தொடர, திரையைத் தொடவும்' என்று எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

இருட்ட இன்னும் நேரம் இருந்தது. கையைக் கழுவப் போனாள்.

உங்கள் வீட்டு அடுப்பு என்றும் சூடாக இருக்கட்டும், கண்ணுங்களா. உங்கள் பிள்ளைகள் மனசில் உள்ளதை உங்கள் முகம் பார்த்தே சொல்லட்டும். அப்போது வாசலில் எவன் வந்து நின்றாலும், நீங்கள் பிள்ளையின் பக்கம் நிற்கத் தெம்பு கிடைக்கட்டும்.